மருமவன் ஃபர்ம்வேர் ஏத்தப் போறானாம்

வெள்ளிக்கிழமை சாயந்தரம் ஆறு மணிக்கு சர்வருக்கு ஃபர்ம்வேர் ஏத்தப் போறியாக்கும்! நேரம் நல்லாத்தான் பாத்திருக்க மருமவனே. ராகுகாலமும் முடிஞ்சிரும், எமகண்டமும் முடிஞ்சிரும். சப்போர்ட்டுல போன் எடுக்கவனும் வீட்டுக்குப் போயிருவான், ஸ்பேர் போர்டு கெடக்க குடோனும் பூட்டிருக்கும். ஏதாவது எசகுபிசகாச்சுன்னா திங்கக்கிழமை விடியுற வரைக்கும் உனக்கு ஒருத்தன் தொந்தரவும் கெடையாது. நீயும் அந்தச் செத்த பொட்டியும் தனியா இருந்து பேசிக்கிடலாம்.

சிரிக்காத. உன் மாமன் மெட்ராஸ்ல ஊரான் சர்வரையெல்லாம் கழத்தி மாட்டிட்டுத்தான் இப்பம் இங்கன வந்து வாழைக்குத் தண்ணி பாய்ச்சுதேன். வாழை ரீபூட் கேக்காது. அதனால வாய் பேச நேரம் கெடக்கு, கேட்டுக்க.

ஃபர்ம்வேர் ஏத்தப் போறேன்னு சொல்லுதியே, எதுக்கு ஏத்தப் போற? பயாஸ் ஒண்ணு இருக்கு. பிஎம்சி ஒண்ணு. ரெய்டு கார்டுல ஒண்ணு, நெட்வொர்க் கார்டுல ஒண்ணு, டிஸ்க்கு ஒவ்வொண்ணுலயும் ஒண்ணொண்ணு, பவர் சப்ளைலகூட ஒண்ணு. எல்லாத்தையும் ஒரே ராத்திரியில ஏத்திட்டு, காலைல பொட்டி எந்திரிக்கலைன்னா யாரைப் பிடிச்சு உதைப்ப?

இதுல பொட்டியை வெளிய இருந்து ஆட்டிவைக்க பிஎம்சி இருக்கானே, அவன்தான் நீ சிநேகம் பிடிச்சு வச்சிக்கிட வேண்டிய ஆளு. பவர் பட்டனை அமுக்கவே வேண்டாம். பின்னால கரண்டு ஒயரைச் சொருகுன ஒடனே முழிச்சுக்கிடுவான். அவனுக்குத் தனிச் சிப்பு (பல போர்டுல ஏஸ்பீடு கம்பெனியோட ஏஎஸ்டி2500, இப்பம் வாரதுல 2600), தனி மெமரி, தனி ஃபிளாஷ், முக்காவாசி தனி லான் போர்ட்டு. டெல்லுக்காரன் ஐடிராக்கும்பான், எச்பிஇக்காரன் ஐலோம்பான், சோலி ஒண்ணுதான். பெரிய பொட்டி செத்துக் கெடந்தாலும் இவன் உள்ள உயிரோட இருப்பான். பயாஸ் ஏத்துறப்ப நீ குழியில விழுந்தா கைகொடுத்துத் தூக்கப்போறவன் இவன்தான். அதனால மொதல்ல இவனுக்கு ஏத்து. ஒழுங்கா எந்திரிச்சானா, லாகின் ஆவுதா, கன்சோல் தெறக்கான்னு பாரு. பொறவு பைய பயாஸ்ல கை வையி. சில மாடலுக்கு மட்டும் வரிசை மாறும். அதை ரிலீஸ் நோட்ஸ்ல எழுதியிருப்பான். நீ ரிலீஸ் நோட்ஸ் படிப்பியான்னு நான் கேக்கமாட்டேன். அக்கா மவனை அவ்வளவு தூரம் சங்கடப்படுத்தப்பிடாது.

உங்க ஆபீசுல ரெண்டு கட்சி இருக்குமே. ஒண்ணு ‘ஓடுதுல்லா, அதை ஏன் தொடணும்’ கட்சி. இதுக்குத் தலைவரு எப்பவும் வயசான ஆளா இருப்பாரு, பாதி நேரம் அவரு சொல்லுதது சரியாவும் இருக்கும். மீதிப் பாதி நேரத்துக்குத்தான் ரெண்டு கதை சொல்லுதேன்.

2017ல ஐலோ 4ல ஒரு ஓட்டை வெளிய வந்துச்சு. 2.53க்கு முந்துன ஃபர்ம்வேர் எல்லாத்துலயும் இருந்துச்சு அது. வெப் பேஜுக்கு அனுப்புத கோரிக்கையில ‘கனெக்‌ஷன்’னு ஒரு தலைப்பு வரி போவும்லா, அதுல 29 தடவை ‘ஏ’ன்னு எழுதி அனுப்புனாப் போதும். பாஸ்வேர்டு வேண்டாம், யூசர் பேரு வேண்டாம், ‘வாங்கய்யா, உள்ள வாங்க’ன்னு கதவைத் தெறந்து விட்டுரும். ஏஏஏஏஏன்னு ஆடு மேய்க்க பய கூப்பாடு போட்டாக்கூட உள்ள போயிருவான். அந்த ஓட்டையை அடைக்க ஃபர்ம்வேர் வந்த பெறவும் ‘ஓடுதுல்லா’ன்னு இருந்தவன் எத்தனை பேரு! ஓடத்தான் செய்யும். உனக்கும் ஓடும், களவாங்க வந்தவனுக்கும் ஓடும்.

இதுலயே இன்னொரு கூத்து கேளு. 2021 டிசம்பர்ல ஈரான்ல ஒரு பாதுகாப்புக் கம்பெனிக்காரன் ஐலோவுக்குள்ளயே குடியிருந்த ஒரு திருட்டு நிரலைக் கண்டுபிடிச்சு, ஐலோபிளீடுன்னு பேரு வச்சு அறிக்கை போட்டான். அது என்ன செய்யும் தெரியுமா? நீ புது ஃபர்ம்வேரை ஏத்துனா, ஏத்துற மாதிரியே நடிக்கும். முடிஞ்சிருச்சும்பும். பக்கத்துல புது வெர்ஷன் நம்பரையும் எழுதிக் காட்டும். உள்ள ஒரு எழுத்து மாறியிருக்காது. லாகின் பக்கத்தோட மூஞ்சி புது வெர்ஷன்ல வேற மாதிரி இருக்கணும், இங்க பழசாவே இருந்துச்சு. அதுலதான் குட்டு வெளிப்பட்டுச்சு. பச்சை டிக்கைப் பாத்ததும் டீ குடிக்க எந்திரிச்சுப் போற உன்னை மாதிரி ஆளுவளை நம்பித்தான் அதை எழுதியிருக்கான்.

ரெண்டாவது கதை டிஸ்க்கு. 2019 நவம்பர்ல எச்பிஇ ஒரு அறிவிப்பு விட்டான்: இன்னின்ன மாடல் சாஸ் எஸ்எஸ்டி டிஸ்க்குல எச்பிடி8க்கு முந்துன ஃபர்ம்வேர் இருந்தா, 32,768 மணி நேரம் ஓடுன ஒடனே செத்துரும். அதாவது 3 வருசம், 270 நாள், 8 மணி நேரம். செத்த பெறவு டிஸ்க்கும் திரும்பாது, டேட்டாவும் திரும்பாது. அந்த எண்ணைப் பாத்தாலே கணக்குத் தெரிஞ்சவனுக்குச் சிரிப்பு வந்துரும். 16 பிட்டுல கூட்டல் கழித்தல் குறியோட எண்ணுனா 32,767தான் எல்லை, அதுக்கு மேல ஒண்ணு கூடுனா தலைகுப்புற விழும். 2020 மார்ச்சுல வேற சில மாடலுக்கு இதே கதை, அங்க 40,000 மணி நேரம்.

இப்பம் உன் ரெய்டை நெனைச்சுப் பாரு. ஒரே நாள்ல வாங்குன எட்டு டிஸ்க்கு. ஒரே நாள்ல மாட்டுன. ஒண்ணு செத்தாலும், ரெண்டு செத்தாலும் தாங்கும்னு மீட்டிங்ல படம் போட்டுக் காட்டுன. எட்டும் ஒரே மணிக்குக் கண்ணை மூடுனா உன் ரெய்டு என்னத்தைத் தாங்கும்? டிஸ்க்கு எத்தனை மணி நேரம் ஓடியிருக்குன்னு ஸ்மார்ட் கணக்குல இருக்கும், ஒரு கமாண்டு அடிச்சாத் தெரியும். அதை அடிச்சுப் பாத்தவன் ஃபர்ம்வேரை ஏத்திட்டு நிம்மதியாத் தூங்குனான். ‘ஓடுதுல்லா’ கட்சிக்காரனுக்கும் ஓடத்தான் செஞ்சுது, குறிச்ச மணி வரைக்கும்.

அடுத்தது ‘வந்த அன்னைக்கே ஏத்து’ கட்சி. இதுல எல்லாம் இளவட்டம். 2018 ஜனவரில ஸ்பெக்டர் ஓட்டைக்காக இன்டெல்காரன் மைக்ரோகோடு குடுத்தான். சர்வர் கம்பெனிக்காரனெல்லாம் அதைப் பயாஸ்ல வச்சுக் கட்டி வெரசா வெளியிட்டான். ஏத்துன பொட்டிக தன்னால ரீபூட் ஆக ஆரம்பிச்சுது. ஜனவரி 22ஆம் தேதி இன்டெல்காரனே ‘போதும், ஏத்தாதீங்க’ன்னு கையெடுத்துக் கும்பிட்டுட்டான். அவசரப்பட்டவன் ஏத்துனதையெல்லாம் எறக்கிக்கிட்டுக் கெடந்தான்.

என் கணக்கைக் கேட்டன்னா, வெளிய இருந்து ஆளு உள்ள வாற பிஎம்சி ஓட்டையையும் நாளு குறிச்சுச் சாவுற டிஸ்க்கையும் தள்ளிப்போடாத. மத்தபடி பயாஸ்னா ஒரு மாசம் ஊரான் பொட்டியில ஓடட்டும். பத்துப் பொட்டி இருந்தா, யாரும் தேடாத ஒரு பொட்டியில மொதல்ல ஏத்தி ஒரு வாரம் விட்டு வையி. உங்க மேனேஜரோட பேரோல் பொட்டி அந்த ஒத்தப் பொட்டியா இருக்கப்பிடாது, தெரிஞ்சுதா?

ஃபைலு எங்க எடுத்த? இதைக் கேட்டா உனக்குக் கோவம் வரும். ரிச்சி தெருவுல செகண்ட் ஹேண்டு சர்வரை இழுபறியா பேரம் பேசி வாங்குனப்ப, ஃபர்ம்வேர் எறக்க உனக்கு உரிமை இருக்கான்னு கேட்டியா? 2014 பிப்ரவரில இருந்து எச்பிக்காரன் புரோலயன்ட் பயாஸ் ஃபைலை வாரண்டியோ கான்ட்ராக்டோ இருக்கவனுக்குத்தான் தருவேன்னு சொல்லிட்டான், பாதுகாப்பு ஓட்டைக்கு மட்டும் விதிவிலக்கு. கெடைக்கலைங்கதுக்காக எவனோ டிரைவ்ல போட்டு வச்ச ஃபைலை எடுத்து ஏத்திராத. கம்பெனி சைட்டுல எறக்கு, பக்கத்துல போட்டிருக்க செக்சம்மோட ஒத்துப் பாரு. போர்டு மாடலை ஸ்டிக்கர்ல பாத்து எழுத்துக்கு எழுத்து சரிபாரு. கடைசியில ஒரு ‘எஃப்’ இருந்தா அது வேற போர்டு. ரொம்பப் பழைய வெர்ஷன்ல இருந்து நேரா கடைசி வெர்ஷனுக்குத் தாவ முடியாது, நடுவுல ஒரு வெர்ஷன்ல ஏறி எறங்கணும்னு சிலதுல இருக்கும். சிலது மேல ஏறுனா கீழ எறங்கவே விடாது. ரெண்டுமே நீ படிக்காத அந்த ரிலீஸ் நோட்ஸ்லதான் இருக்கு.

ஏத்துறதுக்கு முந்தி பயாஸ் செட்டிங் பக்கம் ஒவ்வொண்ணையும் செல்போன்ல படம் பிடிச்சு வையி. யூஇஎஃப்ஐயா லெகசியா, டிஸ்க்கு ரெய்டுலயா ஏஎச்சிஐலயா, பூட் வரிசை என்ன, விர்ச்சுவலைசேஷன் போட்டிருக்கா. ஏத்துன பெறவு இதுல பாதி ஆரம்ப நெலைக்குப் போயிரும். டிஸ்க்கு தெரியலைன்னு நீ அலறுவ; அது ஒண்ணும் சாகலை, நீ வச்ச எடத்துல செட்டிங் இல்ல, அவ்வளவுதான். விண்டோஸ்ல பிட்லாக்கர் போட்டிருந்தா மொதல்ல நிறுத்தி வையி. பயாஸ் மாறுனா டிபிஎம் ‘நீ யாருடே’ன்னு கேக்கும், 48 இலக்க ரெகவரி கீ குடுத்தாத்தான் வழிவிடும். அந்தக் கீயை எங்க வச்சிருக்க? அதே சர்வர்லயா? கெட்டிக்காரன்.

ஊர்ல இருந்து வைஃபைல விபிஎன் போட்டு ஃபைலை நேரா பிஎம்சிக்கு ஏத்துற சோலியும் வேண்டாம். சர்வர் பக்கத்துலயே ஒரு பொட்டிக்கு மொதல்ல ஃபைலைக் கொண்டு போயிரு, அங்க இருந்து ஒயர்ல ஏத்து. யூபிஎஸ் பேட்டரி வேலை செய்யுதான்னு ஏத்துறதுக்கு முந்தின நாளு பாக்கணும். பாக்கலைன்னா, ஏத்திக்கிட்டிருக்கப்ப அதுவே தன்னால காட்டிக்குடுத்துரும்.

ஏன் இம்புட்டுப் பதறுதேன்னா, ஃபிளாஷ்ல எழுதுத முறை அப்படி. எழுதுனதுக்கு மேல எழுத முடியாது. மொதல்ல ஒரு பாத்தி முழுக்க அழிக்கணும், எல்லா பிட்டும் 1ஆ மாறி நிக்கும்; பொறவுதான் வேண்டிய எடத்துல பூச்சியம் ஆக்கணும். கூரையில பழைய ஓட்டைப் பிரிச்சுப் போட்டாச்சு, புது ஓடு இன்னும் ஏறலை, அந்நேரம் பாத்து மழை பிடிச்சா எப்படி? அந்த நடுநேரத்துல கரண்டு போறதும் அதேதான்.

நடந்துக்கிட்டிருக்கப்ப கையைக் கட்டிக்கிட்டு உக்காரு. திரை கறுத்துக் கெடக்கும். ஃபேனு எல்லாம் உச்சத்துல ஊளையிடும். தன்னால ரெண்டு மூணு தடவை ஆஃப் ஆகி ஆன் ஆகும். மெமரி நெறைய போட்ட பொட்டின்னா, புதுப் பயாஸ் ஒவ்வொரு மெமரியையும் தட்டிக் கொட்டிப் பாக்கப் பத்து நிமிசமோ பதினஞ்சு நிமிசமோ எடுத்துக்கிடும். முக்காவாசிப் பேரு பொட்டியைக் கொல்லுதது இந்த நேரத்துலதான். ‘ஹேங் ஆயிட்டு மாமா’ன்னு பவர் பட்டனை அமுக்கிப் பிடிச்சுக்கிட்டே போன் பண்ணுவான். பிஎம்சியில போஸ்ட் கோடுன்னு ரெண்டு எழுத்துக் காட்டுதா பாரு. அது மாறிக்கிட்டிருந்தா பொட்டிக்கு உயிர் இருக்கு, நீ போயி சாப்பிட்டுட்டு வா.

சரி, அரை மணி நேரமாச்சு, ஒரே கோடுல நிக்குது. இப்பம் பயப்படலாம், ஆனா வரிசையாப் பயப்படணும்.

பிஎம்சி உயிரோட இருந்தா அவன் வழியாவே பயாஸை மறுபடி ஏத்து. பொட்டி ஆஃப்ல இருந்தாலும் அவன் எழுதுவான். சில போர்டுல அதுக்குத் தனியா லைசென்ஸ் கேப்பான், அதைப் பொட்டி செத்த பெறவு தெரிஞ்சுக்கிடுத ஆளுதான் அதிகம். ஐடிராக்குல பழைய வெர்ஷனை உள்ளேயே எடுத்து வச்சிருப்பான், ரோல்பேக்குன்னு ஒரு பக்கம் உண்டு. புரோலயன்ட்ல பயாஸுக்கு ரெண்டாவது நகலே உண்டு, அதுக்கு மாறிக்கிடலாம். சூப்பர்மைக்ரோவுல, பூட் பிளாக் பிழைச்சுக் கெடந்தா, ஃபேட் ஃபார்மேட் போட்ட பென் டிரைவ்ல பயாஸ் ஃபைலை ‘சூப்பர் டாட் ரோம்’னு பேரு மாத்தி, எந்த ஃபோல்டருக்குள்ளயும் போடாம வெளியிலயே வச்சுச் சொருகு. தானே தேடி எடுத்துக்கிடும். எந்த மாடலுக்கு என்ன பேருன்னு அந்த மேனுவல்ல பாத்துக்க.

பிஎம்சியே படுத்துட்டா, சர்வர் ஓடிக்கிட்டிருந்தா, உள்ள இருந்தே ஐபிஎம்ஐடூல்ல கோல்டு ரீசெட் அடி. நெட்வொர்க் வேண்டாம் அதுக்கு. கேக்கலைன்னா சர்வரை ஆஃப் பண்ணி ஒயரைப் பிடுங்கு. ரெண்டு பவர் சப்ளையில ஒண்ணை மட்டும் பிடுங்கிட்டு ‘பிடுங்கிட்டேன் மாமா’ன்னு சொல்லாத. ரெண்டையும் பிடுங்கு.

எதுவும் ஆகலைன்னா, பயாஸ் சிப்பு மேல கிளிப்பை மாட்டி நேரா எழுதணும். எங்க காலத்துல இதுக்கு வேற வழி இருந்துச்சு. தைவான்ல சென் இங்-ஹாவுன்னு ஒரு மாணவன் சிஐஎச்னு வைரஸ் எழுதி விட்டு, 1999 ஏப்ரல் 26ஆம் தேதி உலகம் பூரா பயாஸ் சிப்பை அழிச்சுதுல்லா. அப்பம் பல போர்டுல சிப்பு சாக்கெட்டுல இருக்கும். அதே மாடல் நல்ல போர்டை ஓடவிட்டு, ஓடிக்கிட்டிருக்கப்பவே அதோட சிப்பைக் கழத்திட்டு, செத்த சிப்பைச் சொருகி எழுதுனவங்க நாங்க. உங்க பாதுகாப்பு ஆபீசர் இதைப் பாத்தா மயக்கம் போட்டுருவாரு. இப்பம் முக்காவாசி போர்டுல சிப்பைப் போர்டோட வச்சு ஈயம் போட்டிருக்கான்.

ரெண்டு பவர் ஒயரையும் பிடுங்கு. எட்டுக் கால் சிப்பு, நகத்தளவு. தலையில ஒரு சின்னப் புள்ளி இருக்கும், அது ஒண்ணாம் கால். கிளிப்போட செவப்பு ஒயரு அங்கன வரணும். பெரிய சிப்புன்னா பதினாறு கால் இருக்கும், அதுக்குக் கிளிப்பே வேற. மேல டபிள்யூ25க்யூ128ன்னு எழுதியிருக்கும், லென்சு வச்சுத்தான் பாக்கணும். அதுலயே கடைசி எழுத்தைப் பாரு: 3.3 வோல்ட்டு சிப்பும் உண்டு, 1.8 வோல்ட்டு சிப்பும் உண்டு. சல்லிசாக் கெடைக்கே கறுப்பு சிஎச்341ஏ புரோகிராமரு, அதுல பவரு 3.3ல குடுத்தாலும் டேட்டா ஒயர்ல 5 வோல்ட்டு விடுவான். 3.3 சிப்பே முகம் சுளிக்கும், 1.8ன்னா கருகிரும். ஒண்ணு அதைச் சரிபண்ணுன புரோகிராமரு வாங்கு, இல்ல அடாப்டர் போடு.

ஃபிளாஷ்ரோம் புரோகிராம்ல ஒடனே எழுதாத, மொதல்ல படி. ரெண்டு தடவை படிச்சு ரெண்டு ஃபைலாச் சேமி. 16 மெகாபைட்டு சிப்புன்னா 16,777,216 பைட்டு இருக்கணும், ரெண்டோட ஷா256ம் ஒண்ணா இருக்கணும். வேற வேறயா வந்தா கிளிப்பு சரியா உக்காரலை, எடுத்து மறுபடி மாட்டு. முழுக்க எஃப்எஃப்னு வந்தா கால்ல ஒட்டவே இல்ல, இல்லேன்னா சிப்பு நெசமாவே காலி. இந்தச் செத்த ஃபைலைத் தூக்கிப் போட்டுராத. போர்டோட சீரியல் நம்பரு, சில போர்டுல மேக் முகவரி, எல்லாம் இதுக்குள்ளதான் இருக்கு. கம்பெனி சைட்டுல எறக்குன ஃபைலை அப்படியே மேல ஏத்துனா, அப்படி ஏத்துன அந்த மாடல் போர்டு எல்லாத்துக்கும் ஒரே மேக் முகவரியா ஆயிரலாம். அதுவும் போக, கம்பெனி ஃபைலுக்கு முன்னால ஒரு தலைப்புச் சேத்திருப்பான். அதை உரிச்சு எடுத்துட்டு, பயாஸ் பகுதியை மட்டும்தான் மாத்தி எழுதணும். எழுதி முடிச்சதும் அதுவே திரும்பப் படிச்சுச் சரிபாக்கும். ‘வெரிஃபைடு’ன்னு வராம கிளிப்பைக் கழத்தாத. பாதிலயே கழத்திட்டு ஏன் ஓடலைன்னு கேக்காத.

பொட்டி எந்திரிச்சிருச்சா? ஃபோட்டோவைப் பாத்து செட்டிங்கை வை. மேக் முகவரி பழசுதானான்னு பாரு. பிஎம்சியை ஃபேக்டரி ரீசெட் பண்ணியிருந்தா, புதுப் பொட்டியில பாஸ்வேர்டு பழைய அட்மின் அட்மினுக்குப் போவாது. 2020ல கலிஃபோர்னியாக்காரன் சட்டம் அமலுக்கு வந்த பெறவு, ஒவ்வொரு பொட்டிக்கும் தனிப் பாஸ்வேர்டு அச்சடிச்சு ஒரு சீட்டுல ஒட்டி விடுதான். அந்தச் சீட்டு சேசிஸோட முன்பக்கம் இழுத்தா வாற ஒரு பிளாஸ்டிக் தகட்டுல இருக்கும், இல்லேன்னா போர்டு மேலயே ஒட்டியிருப்பான். ரேக்குல இருந்து பொட்டியை உருவாம போர்டுல ஒட்டுனதைப் படிக்க முடியாது. அதனால இப்பமே போயி ஒரு படம் எடுத்துக்க. வெள்ளிக்கிழமை வேண்டாம், செவ்வாக்கிழமை காலைல பத்து மணிக்கு மெயின்டனன்ஸ் போடு. செவ்வாயான்னு உங்க அம்மை மொகத்தைச் சுளிப்பா. சப்போர்ட்டுக்காரன் அன்னைக்குப் போன் எடுப்பான்னு சொல்லு.